நீண்டகாலக் கருத்தடை: பெண்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

கருத்தடை பற்றிப் பேசும் கூட்டங்களில், மேடையில் இருப்பவர் "சந்தேகம் உண்டா?" என்று கேட்டால் ஒரு கை உயராது. கூட்டம் கலைந்த பிறகுதான் ஒவ்வொருவராக அருகில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். கேட்கிறவர்கள் வேறு வேறு. கேள்விகள் மட்டும் மாறுவதே இல்லை. அவற்றை அவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். யாரையும் எதையும் வைத்துக்கொள்ளச் சொல்வதற்காக எழுதியதல்ல இது. ஒரு பெண் "சரி" என்றோ "வேண்டாம்" என்றோ சொல்வதற்கு முன் அவள் மனத்தில் என்னென்ன ஓடுகிறது, அதில் எது உண்மை, எது வெறும் பயம் என்று பிரித்துப் பார்க்கும் முயற்சி. உங்களுக்கென்று தனியாக நோயோ மருந்தோ இருந்தால் மருத்துவரிடம் பேசாமல் முடிவெடுக்காதீர்கள்.

நீண்டகாலக் கருத்தடை என்று எதையெல்லாம் சொல்கிறீர்கள்? ஆபரேஷனும் அதில் வருமா?

ஒருமுறை வைத்துவிட்டால் தினமும் நினைவில் வைத்திருக்கத் தேவையில்லாத முறைகளைச் சொல்கிறேன். முக்கியமாக மூன்று உண்டு. கர்ப்பப்பைக்குள் வைக்கும், செம்புக் கம்பி சுற்றிய T வடிவச் சாதனமான காப்பர் டி ஒன்று. அதே வடிவத்தில் இருந்து, செம்புக்குப் பதிலாகச் சிறிது சிறிதாக ஹார்மோனை வெளியிடும் சாதனம் இரண்டாவது. மேல்கையின் உட்புறம் தோலுக்கு அடியில் வைக்கும் ஹார்மோன் குச்சியான இம்ப்ளான்ட் மூன்றாவது. காப்பர் டி 380ஏ வகை 10 ஆண்டுகள் வேலை செய்யும். லெவோநார்ஜெஸ்ட்ரல் என்ற ஹார்மோன் 52 மில்லிகிராம் உள்ள சாதனத்துக்கு நாட்டுக்கு நாடு 5 முதல் 8 ஆண்டுகள் வரை அனுமதி இருக்கிறது. இம்ப்ளான்ட் வகையைப் பொறுத்து 3 முதல் 5 ஆண்டுகள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஊசியையும் சிலர் இதில் சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை, காரணம் கீழே வரும்.

ஆபரேஷன் வராது. அது நிரந்தரம். இவை அப்படியல்ல. 10 ஆண்டு என்பது அதிகபட்சக் கெடு மட்டுமே, யாரும் எழுதிக் கொடுத்த ஒப்பந்தம் அல்ல. வைத்த இரண்டாம் மாதமே வேண்டாம் என்று தோன்றினால் எடுத்துவிடலாம். இந்த ஒரு விஷயம் தெரியாததால் "பத்து வருஷமா, ஐயோ வேண்டாம்" என்று எழுந்து போனவர்கள் நிறையப் பேர்.

மாத்திரையைவிட இது உண்மையிலேயே பலமானதா, அல்லது அப்படிச் சொல்லி விற்கிறார்களா?

பலமானதுதான். ஒரு முறையை 1,000 பெண்கள் ஓராண்டு பயன்படுத்தினால் எத்தனை பேருக்குக் கர்ப்பம் தரிக்கும் என்று கணக்கிடுவார்கள். இம்ப்ளான்ட்டில் ஏறத்தாழ ஒருவர். ஹார்மோன் சாதனத்தில் வகையைப் பொறுத்து ஒருவர் முதல் நான்கு பேர் வரை. காப்பர் டியில் எட்டு பேர். ஊசியில் சுமார் 40, மாத்திரையில் சுமார் 70, ஆணுறையில் சுமார் 130. மாத்திரையை ஒருநாள்கூடத் தவறாமல் ஒழுங்காக விழுங்கினால் அதுவும் மிக நல்ல முறைதான். ஆனால் பயணம், காய்ச்சல், இரவுப் பணி என்று வாழ்க்கை நடக்கிறதே, அந்த நடைமுறைக் கணக்கு இது.

ஒன்றை மறக்கக் கூடாது. இவற்றில் எதுவும் பால்வினை நோய்களைத் தடுக்காது. அந்த வேலைக்கு ஆணுறைதான்.

இது உள்ளே உருவான கருவைக் கலைப்பதுதானே?

இல்லை. செம்பு விந்தணுக்களை முடக்குகிறது. அவை முட்டையை எட்டுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடுகிறது. ஹார்மோன் சாதனம் கர்ப்பப்பை வாயில் உள்ள சளியைக் கெட்டியாக்கி விந்தணுவின் வழியை அடைக்கிறது. இம்ப்ளான்ட் முட்டை வெளிவருவதையே நிறுத்துகிறது. மத நம்பிக்கை சார்ந்து தயங்குகிறவர்களுக்கு இந்த விளக்கம் முக்கியம். அதற்குப் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் அது அவர்களுடைய முடிவு. வாதாடி மாற்ற வேண்டியதில்லை.

இவ்வளவு நல்லது என்றால் ஏன் எல்லாரும் வைத்துக்கொள்வதில்லை?

வைத்துக்கொள்கிறவர்கள் குறைவில்லை. ஐக்கிய நாடுகள் அவை 2019இல் வெளியிட்ட கணக்கில், கர்ப்பப்பைக்குள் வைக்கும் சாதனத்தை உலகெங்கும் சுமார் 15.9 கோடிப் பெண்கள் பயன்படுத்தினார்கள். மாத்திரை உட்கொண்டவர்கள் 15.1 கோடி. ஆனால் பரவல் சமமாக இல்லை. சில நாடுகளில் பாதிப் பெண்களுக்கு இது சாதாரணம், சில நாடுகளில் பெயரே தெரியாது. உடம்பு ஒன்றுதானே, பின் ஏன் இந்த வேறுபாடு? சாதனத்தின் தரத்தைவிட அதைச் சுற்றியுள்ளவைதான் ஒரு பெண்ணின் சம்மதத்தைத் தீர்மானிக்கின்றன. யார் சொன்னார்கள், யாருக்கு என்ன ஆனது, செலவு என்ன, வைக்கத் தெரிந்தவர் பக்கத்தில் இருக்கிறாரா, கணவர் என்ன சொல்வார், மாதவிடாய் மாறுமா என்பவை அவை.

என் கணிப்பில் இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது: "வேண்டாம் என்று நான் சொன்னால் எடுத்துவிடுவார்களா?" மாத்திரையை அவளே நிறுத்திவிடலாம். இதை நிறுத்த இன்னொருவரின் கை வேண்டும். அந்தக் கையை நம்ப முடிகிறதா என்பதில்தான் முக்கால்வாசித் தயக்கம் அடங்கியிருக்கிறது.

காப்பர் டி நகர்ந்து நெஞ்சுக்குப் போய்விடும் என்கிறார்களே?

போகாது. கர்ப்பப்பையிலிருந்து நெஞ்சுக்குப் பாதை கிடையாது. நடக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, சாதனம் தானாகவே கீழிறங்கி வெளியே வந்துவிடுவது. முதல் ஆண்டில் ஏறத்தாழ 20 பேரில் ஒருவருக்கு இப்படி ஆகலாம். முதல் சில மாதங்களில்தான் அதிகம். இரண்டாவது, வைக்கும்போது கர்ப்பப்பைச் சுவரில் துளை விழுவது. இது 1,000 பேரில் ஒருவர் இருவருக்கு நேரலாம். பாலூட்டும் காலத்தில் அந்த வாய்ப்பு சற்றுக் கூடுதல். அப்படி நேர்ந்து சாதனம் வயிற்றுக் குழிக்குள் போய்விட்டால் வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் லேப்ராஸ்கோப்பி மூலம் எடுப்பார்கள்.

இந்த இரண்டாவது விஷயம்தான் வாய்வழியாகப் பயணம் செய்து நெஞ்சு வரை ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். வதந்தி என்று சிரித்து ஒதுக்குவதால் யாருடைய பயமும் போனதில்லை. அதற்குள் இருக்கும் சிறு உண்மையைச் சொல்லி, அதன் அளவையும் சொன்னால்தான் போகிறது.

எடுத்த பிறகு குழந்தை நிற்குமா? உண்மையைச் சொல்லுங்கள்.

நிற்கும். காப்பர் டி, ஹார்மோன் சாதனம், இம்ப்ளான்ட் மூன்றிலும் எடுத்தவுடனேயே உடம்பு பழைய நிலைக்குத் திரும்பத் தொடங்கும். எடுத்த அடுத்த மாதமே கருத்தரித்தவர்கள் உண்டு. கருத்தடையே பயன்படுத்தாதவர்களுக்கு ஆகும் காலம்தான் இவர்களுக்கும் ஆகிறது. ஊசி மட்டும் வேறு. கடைசி ஊசிக்குப் பிறகு கருத்தரிக்கச் சராசரியாக 9, 10 மாதங்கள் ஆகலாம், சிலருக்கு இன்னும் அதிகமாகலாம். ஊசியைத் தனியாக வைத்தது இதனால்தான். அடுத்த ஆண்டு குழந்தை வேண்டும் என்று திட்டமிடுகிறவரிடம் ஊசியின் இந்தத் தாமதத்தைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல.

மலட்டுத்தன்மைப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. கருக்குழாய் அடைத்துக்கொள்வதற்குக் காரணம் சாதனம் என்று முன்பு மருத்துவர்களே நினைத்தார்கள். 2001இல் வெளியான மெக்சிகோ ஆய்வு ஒன்று அதைச் சோதித்தது. கருக்குழாய் அடைப்பு காப்பர் டியோடு தொடர்புபடவில்லை. முன்பு கிளமிடியா என்ற பால்வினைத் தொற்று வந்துபோனதன் அடையாளத்தோடுதான் தொடர்புபட்டது. தொற்று ஏற்கெனவே இருக்கும்போது சாதனத்தை வைத்தால் அது மேலே பரவ வாய்ப்புண்டு. வைத்த முதல் 20 நாள்களில் தொற்று அபாயம் சற்றுக் கூடுதலாக இருப்பது அதனால்தான். வெள்ளைப்படுதலில் நாற்றமோ அடிவயிற்று வலியோ இருந்தால் முதலில் அதைச் சரிசெய்துகொள்ளுங்கள்.

மாதவிடாய் கண்டபடி ஆகிவிடும் என்கிறார்கள். எந்தப் பக்கம் ஆகும்?

இங்கேதான் நின்று நிதானமாகப் பேச வேண்டும். எடுத்துவிடச் சொல்லி வருகிறவர்களில் பெரும்பாலோரை அனுப்பிவைப்பது இந்த ஒரு விஷயம்தான். மூன்றும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். காப்பர் டியில் மாதவிடாய் ஒழுங்காக வரும். ஆனால் போக்கு அதிகமாகலாம், வலியும் கூடலாம். முதல் மூன்று முதல் ஆறு மாதங்கள் இப்படி இருந்து பிறகு பலருக்குத் தணியும், சிலருக்குத் தணியாது. ஏற்கெனவே அதிக உதிரப்போக்கும் ரத்தசோகையும் உள்ளவருக்கு இது நல்ல தேர்வல்ல. ஹார்மோன் சாதனத்தில் நேர்மாறு: முதல் சில மாதங்கள் சொட்டுச்சொட்டாகப் பட்டுக்கொண்டே இருக்கும், பிறகு குறையும், 52 மில்லிகிராம் வகையில் ஓராண்டு முடிவில் ஐந்தில் ஒருவருக்கு மாதவிடாய் நின்றே போகும். இம்ப்ளான்ட்டில் முன்கூட்டி எதையும் சொல்ல முடியாது. சிலருக்கு நின்றுவிடும், சிலருக்கு அபூர்வமாக வரும், சிலருக்கு வாரக்கணக்கில் பட்டுக்கொண்டே இருக்கும். 10 பேரில் ஒருவர் இதனாலேயே எடுத்துவிடுகிறார்.

மருத்துவர் "சிறு பக்கவிளைவு" என்று எழுதுவதை ஒரு பெண் எப்படி வாழ்கிறாள் என்று பாருங்கள். கைப்பையில் எந்நேரமும் நாப்கின், வெளிர்நிற உடையைத் தொட யோசனை, பிரார்த்தனைக்குப் போகலாமா கூடாதா என்ற குழப்பம், படுக்கையில் தயக்கம். மூன்று வாரம் இப்படி ஓடினால் அதைச் சிறு விளைவு என்று சொல்ல முடியாது. சீனாவிலும் மெக்சிகோவிலும் ஊசி போட்டுக்கொண்ட பெண்களிடம் நடந்த ஆய்வுகளில் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிந்தது. உதிரப்போக்கு எப்படியெல்லாம் மாறக்கூடும் என்று முன்கூட்டியே விரிவாகச் சொல்லப்பட்டவர்கள், சொல்லப்படாதவர்களைவிட மிக அதிக விகிதத்தில் தொடர்ந்தார்கள். மருந்து ஒன்றேதான், முன்னறிவிப்புதான் வித்தியாசம்.

மூன்று மாதமாக வரவே இல்லை. கெட்ட ரத்தம் உள்ளே தேங்குகிறதா?

தேங்கவில்லை. மாதவிடாயில் வெளிவருவது கர்ப்பப்பையின் உள்படலம். ஹார்மோன் அந்தப் படலத்தைத் தடிக்க விடுவதில்லை. உதிர்வதற்கு அங்கே எதுவும் இல்லை, அவ்வளவுதான். மனம் அடங்கவில்லை என்றால் ஒருமுறை கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காப்பர் டி வைத்திருப்பவருக்கு வரவில்லை என்றால் மட்டும் அது வேறு சமாசாரம்; உடனே பரிசோதிக்க வேண்டும். சாதனம் இருக்கும்போது கர்ப்பம் தரிப்பது அபூர்வம், ஆனால் தரித்தால் அது கருக்குழாயில் இருக்கும் வாய்ப்பு வழக்கமான கர்ப்பத்தைவிட அதிகம்.

மாதாமாதம் வருவதுதான் ஆரோக்கியம் என்ற நம்பிக்கை ஆழமானது. வராமல் இருப்பது சிலருக்கு நிம்மதி, சிலருக்கு நிம்மதியின்மை. அறிவியல் விளக்கம் புரிந்த பிறகும் "எனக்கு வர வேண்டும்" என்று ஒருவர் சொன்னால் அவருக்குக் காப்பர் டி பொருந்தும். இதில் சரி தவறு இல்லை.

வைக்கும்போது வலிக்குமா? "ஒன்றும் தெரியாது" என்றார்கள், உயிர் போய்விட்டது.

வலி ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மாதவிடாய் வலி அளவுக்கு, சிலருக்கு மிகக் கடுமையாக. என்ன நடக்கிறது என்று வரிசையாகச் சொல்கிறேன். தெரிந்துகொண்டு போனால் பாதி அதிர்ச்சி குறையும். முதலில் கையுறை அணிந்து கர்ப்பப்பையின் நிலையைத் தொட்டுப் பார்ப்பார்கள். பிறகு உட்பாதையை விரித்துப் பார்க்கும் ஸ்பெகுலம் என்ற கருவியை வைத்து, கர்ப்பப்பை வாயைத் துடைத்து, அது அசையாதிருக்க ஒரு கருவியால் பிடிப்பார்கள். முதல் சுருக்கென்ற வலி அப்போதுதான். அடுத்து மெல்லிய கம்பி ஒன்றை உள்ளே செலுத்தி ஆழத்தை அளப்பார்கள். இரண்டாவது வலி, அடிவயிற்றை முறுக்குவது போல் இருக்கும். பிறகு குழாய் வழியாகச் சாதனத்தை வைத்துக் குழாயை வெளியே எடுத்து, சாதனத்தின் அடியில் தொங்கும் நூலை 3 சென்டிமீட்டர் அளவுக்கு விட்டு வெட்டுவார்கள். எல்லாம் சில நிமிடங்கள்தான். சிலருக்கு வியர்த்துத் தலை சுற்றும். உடனே எழுந்து ஓட வேண்டாம், படுத்திருங்கள்.

பிரசவித்தவர்களுக்கு வலி பொதுவாகக் குறைவு. வைக்கிறவர் மதிப்பிடும் வலி, அனுபவிக்கிறவர் சொல்வதைவிடக் குறைவாகவே இருக்கிறது என்று ஆய்வுகளே காட்டியிருக்கின்றன. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதல், வலியைப் பற்றி எல்லாரிடமும் முன்கூட்டியே பேச வேண்டும் என்றும், மரத்துப்போகச் செய்யும் லிடோகைன் மருந்து உதவலாம் என்றும் சொல்கிறது. எனவே "வலிக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்பது அடம்பிடிப்பது ஆகாது. "நிறுத்துங்கள்" என்றால் நிறுத்துவார்களா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். வலிக்காது என்று பொய் சொல்லி ஒருவருக்கு வைத்தால், அவர் பத்து பேரிடம் போய் உண்மையைச் சொல்வார்.

இம்ப்ளான்ட்டில் இந்தச் சிரமம் இல்லை. தோலில் மரப்பு ஊசி போட்டு, 4 சென்டிமீட்டர் நீளமுள்ள மெல்லிய குச்சியை உள்ளே வைத்துவிடுவார்கள். சில நாள்கள் கன்றியிருக்கும்.

எனக்கு இன்னும் குழந்தையே பிறக்கவில்லை. "உனக்கெல்லாம் வைக்க மாட்டோம்" என்றுவிட்டார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் தகுதி விதிகளில் குழந்தை பெறாதவர்களும் 20 வயதுக்குக் குறைந்தவர்களும் கர்ப்பப்பைச் சாதனத்தைப் பயன்படுத்தலாம்; நன்மை பொதுவாக அபாயத்தைவிட அதிகம் என்ற பிரிவில் அவர்கள் வருகிறார்கள். இம்ப்ளான்ட்டுக்கு எந்தத் தடையும் இல்லை. மறுப்பு பழைய பயிற்சியிலிருந்து வருகிறது: "முதல் குழந்தைக்குப் பிறகுதான்" என்று படித்தவர்கள் அதையே தொடர்கிறார்கள். சில நேரம், கேட்பவருக்கு மணமாகவில்லை என்பதுதான் உண்மையான காரணமாக இருக்கும். மருத்துவக் காரணம் அதற்குப் போர்த்திய போர்வை. பெண்கள் தயங்குவதாக எழுதப்படும் இடங்களில் பாதியில், தயங்குவது உண்மையில் சேவை தருகிறவர்.

பிரசவம் ஆன கையோடு வைத்துவிடலாம் என்கிறார்கள். நல்லதா?

மருத்துவ ரீதியாக முடியும். நஞ்சுக்கொடி வெளிவந்த 10 நிமிடத்துக்குள்ளோ 48 மணி நேரத்துக்குள்ளோ வைக்கலாம். அது தவறினால் நான்கு வாரம் பொறுப்பது நல்லது. மீண்டும் ஒருமுறை மருத்துவமனைக்கு வர முடியாதவர்களுக்கு இது பெரிய வசதி. குறை என்னவென்றால், சாதனம் தானாக வெளியே வந்துவிடும் வாய்ப்பு அப்போது அதிகம். ஏறத்தாழ 10 பேரில் ஒருவருக்கு. ஆகவே நூல் இருக்கிறதா என்று பிறகு பார்த்துக்கொள்ள வேண்டும். தாய்ப்பால் குறையுமோ என்று பயப்படத் தேவையில்லை.

ஆனால் எப்போது கேட்டார்கள் என்பது முக்கியம். வலியெடுத்துத் துடிக்கும்போது நீட்டப்படும் காகிதத்தில் போடும் கையெழுத்தைச் சம்மதம் என்று நான் கருதமாட்டேன். கர்ப்பகாலப் பரிசோதனைகளுக்கு வரும்போதே பேசியிருக்க வேண்டும், பிரசவத்துக்குப் பின் இன்னொருமுறை உறுதிசெய்துகொள்ள வேண்டும். தெரியாமலேயே வைக்கப்பட்டு, எப்போதோ எடுத்த ஸ்கேனில் அதைக் கண்டுபிடித்த பெண்ணின் கோபம் அவளோடு நிற்பதில்லை. அவளுக்குத் தெரிந்த எல்லாரிடமும் போய்ச் சேரும்.

கணவருக்குத் தெரியாமல் வைத்துக்கொள்ள முடியுமா?

கேட்பவர்கள் நாம் நினைப்பதைவிட அதிகம். உடம்பு உங்களுடையது. கணவர் கையெழுத்து வேண்டும் என்பதற்கு மருத்துவக் காரணம் எதுவும் இல்லை. ஆனால் நடைமுறையில் எது எந்த அளவுக்கு மறைவாக இருக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். ஊசி தடம் விடாது, ஆனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை வெளியே போக வேண்டும். இம்ப்ளான்ட் தொட்டால் தட்டுப்படும். ஒல்லியான கையில் கண்ணுக்கும் தெரியலாம். கர்ப்பப்பைச் சாதனத்தின் நூலைச் சில ஆண்கள் உணர்வார்கள். அதைக் கர்ப்பப்பை வாய்வரை குட்டையாக வெட்டச் சொல்லலாம், ஆனால் எடுக்கும்போது கொஞ்சம் சிரமம். மாதவிடாய் மாற்றமும் காட்டிக்கொடுக்கும். தெரிந்தால் அடி விழும் என்ற நிலை இருந்தால் அதை ஆலோசகரிடம் முதலிலேயே சொல்லுங்கள், அதற்கேற்ற முறையைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஒளிக்கத் தேவையில்லாதவர்கள் கணவரையும் அழைத்துப் போகலாம். ஆண்களின் எதிர்ப்பில் நிறையப் பகுதி, தங்களிடம் யாரும் எதையும் விளக்கவில்லை என்பதிலிருந்து வருகிறது. நூல் குத்துகிறது என்று புகார் வந்தால் அதற்கும் பதில் மேலே உள்ள பத்தியில் இருக்கிறது.

அம்மா காலத்தில் இதனால் பலர் கஷ்டப்பட்டதாகச் சொல்கிறார்கள். அவர்கள் அனுபவத்தை எப்படித் தள்ளிவிடுவது?

தள்ள வேண்டாம். டால்கன் ஷீல்ட் என்று ஒரு சாதனம் 1971இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. அதன் நூல் பல இழைகளை உறைக்குள் வைத்துச் செய்தது. திரி எண்ணெயை இழுப்பது போல அது கிருமிகளை மேலே இழுத்தது. கடுமையான தொற்றுகள், உயிரிழப்புகள். 1974இல் விற்பனை நின்றது, வழக்குகளின் சுமையில் நிறுவனம் 1985இல் திவால் மனு போட்டது. இன்றைய சாதனங்களின் நூல் ஒற்றை இழை. ஆனாலும் அந்த ஒரு சாதனம் போட்ட பழி எல்லாச் சாதனங்களின் மேலும் விழுந்து, அமெரிக்காவில் ஒரு தலைமுறையே இதை ஒதுக்கியது.

தாயோ அக்காவோ சொல்வதைப் புள்ளிவிவரத்தால் வெட்ட முடியாது. அவர்களுக்கு என்ன வைத்தார்கள், எப்போது, எதனால் எடுத்தார்கள் என்று கேட்டுப் பாருங்கள். பல நேரம் கதையின் சாரம் சாதனமாக இருக்காது. வலிக்கிறது என்று சொன்னபோது யாரும் காதுகொடுக்கவில்லை என்பதாக இருக்கும்.

டாக்டர்கள் தங்களுக்கு இதை வைத்துக்கொள்வார்களா?

அமெரிக்காவில் கருத்தடைச் சேவை தரும் பெண்களிடம் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. அவர்களில் கருத்தடை பயன்படுத்தியவர்களில் சுமார் 42 சதவீதத்தினர் நீண்டகால முறையைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பொதுவான பெண்களில் அது 12 சதவீதம். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

ஆலோசனைக்குப் போனால் இதையே வற்புறுத்துகிறார்களே, ஏன்?

ஒரு பெரிய ஆய்வின் நிழல் அதில் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 2007 முதல் 2011 வரை 9,256 பெண்களுக்கு, அவர்கள் விரும்பிய எந்த முறையையும் விளக்கிச் சொல்லி, இலவசமாகக் கொடுத்தார்கள். 75 சதவீதத்தினர் நீண்டகால முறையைத் தேர்ந்தெடுத்தார்கள். ஓராண்டுக்குப் பின்னும் அவர்களில் சுமார் 86 சதவீதம் பேர் தொடர்ந்தார்கள். மற்ற முறைகளில் சுமார் 55 சதவீதம். செலவும் அறியாமையும் கிடைக்காமையும் விலகினால் விருப்பம் எவ்வளவு மாறும் என்பதற்கு இது நல்ல சான்று. பிறகு பல இடங்களில் இதையே சூத்திரமாக்கிவிட்டார்கள்: பலன் அதிகமானதை முதலில் சொல், அதிலேயே முடி. இத்தனை பேருக்கு வைத்தோம் என்ற எண்ணிக்கை இலக்கும் சேர்ந்துகொண்டால் ஆலோசனை விற்பனையாகிவிடுகிறது.

வற்புறுத்தல் எங்கே போய் முடியும் என்பதற்கு வரலாறு இருக்கிறது. 1966 முதல் சில ஆண்டுகளில் டென்மார்க் மருத்துவர்கள் கிரீன்லாந்தில் சுமார் 4,500 பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் கர்ப்பப்பைச் சாதனம் வைத்தார்கள். பலருக்கு அவர்களுடைய சம்மதம் இல்லாமலே, சிலருக்குத் தெரியாமலே. டென்மார்க் பிரதமர் மன்னிப்புக் கேட்டது 2025இல்தான். நார்பிளான்ட் என்ற ஆறு குச்சி இம்ப்ளான்ட்டுக்கு அமெரிக்கா 1990 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே கலிபோர்னியாவில் ஒரு நீதிபதி அதைப் பொருத்திக்கொள்வதை ஒரு பெண்ணின் தண்டனை நிபந்தனையாக விதித்தார். இப்படிப்பட்ட நினைவு உள்ள சமூகத்துப் பெண் "வேண்டாம்" என்றால், அவளுக்கு விழிப்புணர்வு போதவில்லை என்று எழுதுவது அபத்தம்.

எடுக்கச் சொல்லிப் போனால் "இன்னும் மூன்று மாதம் பொறுங்கள்" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

மாதவிடாய் பற்றிய பதிலில் சொன்னதுபோல் சில தொந்தரவுகள் தானாகத் தணியும். ஆகவே ஒருமுறை அதைச் சொல்வதில் தவறில்லை. சொன்ன பிறகும் "எடுங்கள்" என்றால் அன்றே எடுக்க வேண்டும். காரணம் கேட்கலாம், ஆனால் காரணத்தை நிபந்தனையாக்கக் கூடாது. கர்ப்பப்பைச் சாதனத்தை எடுப்பது பெரும்பாலும் நூலைப் பிடித்து இழுக்கும் ஒரு நிமிட வேலை. இம்ப்ளான்ட்டுக்குச் சிறு கீறலும் பயிற்சி பெற்ற கையும் வேண்டும்.

அந்தப் பயிற்சி பெற்ற கைதான் பல இடங்களில் கிடைப்பதில்லை. 2012, 2013 வாக்கில் சர்வதேச ஒப்பந்தங்களால் இம்ப்ளான்ட்டின் விலை ஏழை நாடுகளுக்கு ஏறத்தாழ பாதியானது. ஆப்பிரிக்காவில் பயன்பாடு வேகமாக வளர்ந்தது. வைக்கக் கற்றுக்கொடுத்த வேகத்தில் எடுக்கக் கற்றுக்கொடுக்கவில்லை. எடுக்க ஆள் இல்லை, எடுக்கக் கட்டணம் தனி என்ற செய்தி பரவினால் புதிதாக யார் வருவார்கள்? விருப்பத்தை வளர்க்க நினைக்கும் எந்தத் திட்டமும் முதல் காசை எடுக்கும் சேவையில் போட வேண்டும் என்பது என் கட்சி.

புற்றுநோய் வருமா?

காப்பர் டியால் புற்றுநோய் வருவதற்கு ஆதாரம் இல்லை. கர்ப்பப்பைச் சாதனம் வைத்திருந்தவர்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் குறைவாக இருப்பதாகவே ஆய்வுகள் காட்டுகின்றன. ஹார்மோன் சாதனம் பற்றி 2024இல் டென்மார்க் ஆய்வு ஒன்று வந்தது: ஐந்தாண்டு வரை பயன்படுத்திய 10,000 பெண்களில், பயன்படுத்தாதவர்களோடு ஒப்பிட்டால் 14 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சிறிய எண், ஆனால் மறைக்க வேண்டிய எண்ணல்ல. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் ஹார்மோன் முறை எதையும் பயன்படுத்தக் கூடாது.

முதலில் விருப்பமே இல்லாமல் வைத்துக்கொண்டவர்களுக்குப் பிறகு பிடித்துப்போகுமா?

வட கரோலினாவில் இதையே சோதித்தார்கள். முடிவு 2017இல் வந்தது. மாத்திரையோ ஊசியோ கேட்டு வந்த 18 முதல் 29 வயதுப் பெண்களிடம், "நீண்டகால முறையைச் சீட்டுக் குலுக்கலில் முயன்று பார்க்கச் சம்மதமா?" என்று கேட்டார்கள். 43 சதவீதத்தினர் சம்மதித்தார்கள். நீண்டகால முறை விழுந்தவர்களில் சுமார் 78 சதவீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் அதிலேயே இருந்தார்கள். தாங்களே விரும்பிக் குறுகியகால முறையை எடுத்தவர்களில் தொடர்ந்தவர்கள் 63 சதவீதம். எண்ணாத கர்ப்பம் முதல் குழுவில் 0.7 சதவீதம், பின்னதில் 6.4 சதவீதம்.

இதைப் படித்துவிட்டு "பார்த்தீர்களா, கட்டாயப்படுத்தினாலும் பிடித்துப்போகும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பெண்கள் முயன்று பார்க்கத் தாங்களே ஒப்புக்கொண்டவர்கள். எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம் என்று தெரிந்தவர்கள். மீதி 57 சதவீதத்தினருக்கு என்ன நடந்திருக்கும் என்று இந்த ஆய்வு சொல்லவில்லை.

சரி, வைத்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டேன். போகும் அன்று என்ன கேட்க வேண்டும்?

வைக்கப்போவது எந்த வகை, எத்தனை ஆண்டு என்று ஒரு அட்டையில் எழுதி வாங்குங்கள். பல ஆண்டு கழித்து நினைவிருக்காது. வலிக்கு என்ன ஏற்பாடு என்று கேளுங்கள். காசநோய்க்கான ரிஃபாம்பிசின், வலிப்புக்கான கார்பமசெபின், ஃபெனிடாயின் போன்ற மருந்து சாப்பிட்டால் சொல்லிவிடுங்கள். அவை இம்ப்ளான்ட்டின் பலனைக் குறைக்கும், காப்பர் டியைப் பாதிக்காது. பாதுகாப்பில்லாத உறவு நடந்து ஐந்து நாள் ஆகவில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். காப்பர் டி அவசரக் கருத்தடையாகவும் வேலை செய்யும், மாத்திரையைவிட நன்றாகவே.

நான்காம் வாரமோ ஆறாம் வாரமோ ஒருமுறை பரிசோதனைக்கு வரச் சொல்வார்கள். அதற்கு முன்பே காய்ச்சல், அடிவயிற்றில் கடும் வலி, நாற்றத்துடன் வெள்ளைப்படுதல், நூல் தட்டுப்படாமல் போவது ஆகியவற்றில் எது நேர்ந்தாலும் தேதி வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடைசியாக, "எடுக்க வேண்டுமென்றால் எந்த நாள், யாரிடம் வர வேண்டும்?" என்று வைப்பதற்கு முன்பே கேளுங்கள். தெளிவான பதில் வரவில்லை என்றால் வேறு இடம் பாருங்கள்.